தண்ணீரின் பாகப்பிரிவினை

ராயபுரம் ரயில் நிலையத்தை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் ரயில் வண்டி அங்கிருந்துதான் வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் ஓடிய வண்டி அது. அதே தண்ணீரிலிருந்து எரியும் வாயுவை மின்சாரத்தால் பிரித்தெடுக்கலாம் என்பது அதற்கு 56 ஆண்டுகளுக்கு முன்பே லண்டனில் தெரிந்துவிட்டது!

1800-ல் நிக்கல்ஸன், கார்லைல் என்ற இருவர் வோல்டாவின் மின்கல அடுக்கிலிருந்து இரண்டு பித்தளைக் கம்பிகளைத் தண்ணீரில் விட்டார்கள். ஒன்றில் ஜலவாயு, அதாவது ஹைட்ரஜன், குமிழியிட்டது. மற்றதில் பிராணவாயு வெளிவரவில்லை; பித்தளையே அதை விழுங்கிக் களிம்பேறிப் போயிற்று. பிளாட்டினக் கம்பி போட்ட பிறகே இரண்டு வாயுக்களும் வந்தன.

அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. தண்ணீர் ஒரு கூட்டுக் குடும்பம். பாகம் பிரிக்க ஒரு மத்தியஸ்தர் வேண்டும். அவர் தமக்கென்று பங்கு கேட்கக் கூடாது; நடுவில் கரைந்து போகவும் கூடாது. விஞ்ஞானிகள் அவரை வினையூக்கி என்கிறார்கள். பிளாட்டினமும் இரிடியமும் யோக்கியமான மத்தியஸ்தர்கள்தாம். ஆனால் அவர்களை அழைக்கக் குபேரனால்தான் முடியும். காரம் கலந்த நீரில் நிக்கல் போதும். ஆனால் மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். பக்ரா அணையின் மின்சாரத்தை நம்பித்தான் 1961-ல் நங்கல் உரத் தொழிற்சாலை தண்ணீரைப் பிரித்து அம்மோனியா செய்தது. நமது மணலியிலோ 1971 முதல் நாப்தாவிலிருந்தும், பிற்காலத்தில் இயற்கை வாயுவிலிருந்தும் ஹைட்ரஜன் எடுத்தார்கள். அந்த வழியில் கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது.

1987-ல் காரிகன் என்ற விஞ்ஞானி ஒரு வேடிக்கையைக் கண்டார். நிக்கலில் அழுக்காகச் சேர்ந்த துளி இரும்பு, பிராணவாயு பிரியும் வேலையை வெகுவாக எளிதாக்கியது! 1953-ல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய மலிவு உலோகங்களைக் கொண்டு ஆராய்ச்சி நடக்கிறது.

மகிழ்ச்சிதான். ஆனால் எண்ணூர்க்காரரிடம் இதைச் சொன்னால் அவர் உடனே கை தட்டமாட்டார். 2023 டிசம்பர் 26 இரவு, கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். ஹைட்ரஜன் நாப்தாவிலிருந்து வந்தால் என்ன, தண்ணீரிலிருந்து வந்தால் என்ன? அம்மோனியா அம்மோனியாதானே!

பிளாட்டினத்தின் இடத்துக்கு இரும்பு வரட்டும், நல்லதே. குழாய்க்கும் குப்பத்துக்கும் நடுவே நிற்க ஒரு யோக்கியமான மத்தியஸ்தர் யார் என்பதே எண்ணூரின் கேள்வி. அதற்குப் பதில் எந்த உலோகத்திலும் இல்லை.