கல்லும் வாய்மொழியும்

“பாட்டி சொன்ன கதை வரலாறாகுமோ?” என்று படித்தவர் சிலர் நகைப்பதுண்டு. இவ்வினாவுக்கு விடை தேடி முதலில் அயர்லாந்து வரை சென்று மீள்வோம்.

அந்நாட்டின் போயின் ஆற்றங்கரையில் நியூகிறேஞ் என்னும் பெருங் கற்சமாதி உளது. கி. மு. 3200 அளவில் எழுந்தது; எகிப்தியப் பிரமிட்டுகளிலும் மூத்தது. ஆண்டில் ஒருநாள் உதயசூரியன் அதனுள்ளே புகுவான் என்றொரு பேச்சு மக்களிடையே உலாவிற்று. அங்கு அகழ்வு நடத்திய பேராசிரியர் ஓ கெல்லி அதனைத் தள்ளிவிடாது, 1967 டிசெம்பர் மாத விடியலொன்றில், பகல் மிகக் குறுகிய நாளையொட்டி, உள்ளிருளிற் காத்திருந்தார். வாயிலின் மேலுள்ள சிறு துவாரத்தினூடே கதிர் நுழைந்து, நீண்ட நடையைக் கடந்து, உள்ளறையை ஒளிரச் செய்தது. பதினேழு நிமிடமளவே அவ்வொளி நிற்கும். அப்பேச்சு எத்தனை தலைமுறைப் பழமையது என்பது வேறு விடயம், அது பொய்யன்று.

இனி நம்மூருக்கு வருவோம். பூநகரிப் பிரதேசத்தில் நாகபடுவான் என்றோர் இடம் உண்டு. பெயரிலேயே நாகம் இருக்கிறது. நாமும் அதனைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பேராசிரியர் ப. புஷ்பரட்ணமும் குழுவினரும் அங்கு மண்ணை அகழ்ந்தபோது சுடுமண் நாக உருவங்கள் வெளிப்பட்டன! மண் மூடியதை ஊரின் பெயர் மூடாது வைத்திருந்தது. குடமுருட்டி என்னும் நமது ஆற்றின் பெயர் காவிரியின் கிளையொன்றுக்கும் உண்டு. பல்லவராயன் என்பது சோழராட்சியில் அதிகாரிகள் தாங்கிய பட்டம். நமக்கோ பல்லவராயன்கட்டு பேருந்து செல்லும் ஓர் ஊர்.

பூநகரிக் கோட்டையைப் பார்க்க வருவோர் பலர். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த அதற்கு வயது சில நூற்றாண்டே. கௌதாரிமுனைப் பக்கம், மணற்பரப்பினிடையே மண்ணித்தலைச் சிவன் கோயிலின் இடிபாடு நிற்கிறது. சோழர் காலத்ததென ஆய்வாளர் கருதும் அதனைக் காணச் செல்வோர் மிகச் சிலர். முருகைக்கல்லை உப்புக்காற்று அரிக்கிறது; மணல் ஏறுகிறது. வடபால் பழங்கோயில்கள் பல போர்த்துக்கேயர் காலத்தில் இடிந்தொழிய, இத்துணைப் பழைமையானது உருவோடு எஞ்சியமை வியப்பே. விளக்கேற்றியவர் யார், திருவிழா எப்போது, கோயிலை விட்டு ஊர் பெயர்ந்தது ஏன்? கல் இவற்றைச் சொல்லமாட்டாது.

அயர்லாந்து உழவன் தன் வயலிலுள்ள பழைய மண்கோட்டையை உழமாட்டான். அங்கு தேவதைகள் வாழ்வதாக அஞ்சுவான். அவ்வச்சமே பல சின்னங்களைக் காத்தது. வன்னிக் காட்டுவழி புகுமுன் ஒரு குழை முறித்துப் பிள்ளையாருக்கு வைத்துச் சென்ற நம் முன்னோரும், மரத்தடிக் கல்லை வைரவரென்று வணங்கியவரும் இதே மனத்தினர். மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் இதனை ஒதுக்குவது எளிது. நாம் அதற்கு உடன்படோம்.

1937, 1938ஆம் ஆண்டுகளில் அயர்லாந்து அரசு ஓர் அரிய காரியஞ் செய்தது. ஏறக்குறைய 5,000 பாடசாலைகளின் பிள்ளைகள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டவற்றை எழுதித் தந்தனர். அவை இன்றும் பேணப்படுகின்றன. நம் முதியோரோ 2009 வரை போரில் ஊர்விட்டு ஊர் அலைந்தவர்கள். கொண்டுவர முடியாத பெட்டிகளோடு பழைய உறுதிகளும் ஏடுகளும் போயின. நினைவு மட்டும் கூட வந்தது. அதனை அறிந்தோர் தொகை ஆண்டுதோறும் குறைகிறது.

ஆதலால் வரும் விடுமுறையில், மணற்றிட்டிகளின் பெயர்களையும் குளக்கட்டுக் கதைகளையும் கேட்டுக் கொப்பியும் கையுமாக நம் இளைஞர் வாசலுக்கு வருவார்கள். பெரியோர் அவர்களை, “பிறகு வா” என்று அனுப்பிவிடாதிருக்க வேண்டுகின்றோம்.