மூதூர்: ஆறும் கடலும் எழுதிய ஊர்

 

ரொபர்ட் நொக்ஸ் யார் என்று நமது பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கண்டி மன்னனிடம் சிறையிருந்த ஆங்கிலேயர், இலங்கையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் என்று சரியாகச் சொல்வார்கள். அவர் பிடிபட்ட இடம் எது என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். அந்த இடம் நமது மூதூர். நமது ஊரின் கதை நமது பிள்ளைகளுக்கே போய்ச் சேரவில்லை என்பதால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள். முக்கியமாகப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஊர் இருக்கும் இடம். இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடலில் சேர்வது கொட்டியாரக் குடாவில். அந்தக் குடாவின் தென்கரையில் நாம், வடக்கே திருகோணமலை. மகாவலியின் ஒரு கிளை பிரிந்து வெருகல் ஆறாக ஓடி, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களின் எல்லைப் பக்கமாகக் கடலை அடைகிறது. ஆக, ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் ஆறும் களப்பும் வயலும். நமது ஊரின் செழிப்புக்கும் காரணம் இந்தத் தண்ணீர்தான், கஷ்டத்துக்கும் காரணம் இதே தண்ணீர்தான்.

பழைய காலத்தில் திருகோணமலைப் பிரதேசம் நான்கு பிரிவாக இருந்தது: திருகோணமலைப் பட்டினம், கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று. இதில் கொட்டியாரப்பற்றுதான் நமது பகுதி. வன்னிபங்கள் என்ற குறுநிலத் தலைவர்கள் இதை நிர்வகித்தார்கள். மலைநாட்டில் இருந்த கண்டி இராச்சியத்துக்குக் கடலைப் பார்க்க ஒரு வாசல் தேவைப்பட்டது. போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் கரையோரங்களைப் பிடித்துக்கொண்டபோது, கொட்டியாரம் அந்த வாசல்களில் ஒன்றாக இருந்தது. அதனால்தான் வெளிநாட்டவர்களின் கண் இந்தக் குடாவில் விழுந்தது.

நொக்ஸின் கதை அப்படி நடந்ததுதான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் போடவும் வியாபாரம் செய்யவும் கொட்டியாரத்துக்கு வந்தது. கப்பலின் தலைவர் தந்தை நொக்ஸ். அவருடைய பெயரையே கொண்ட மகனும் கூட வந்திருந்தார். 1660இல் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்கள் அவர்களைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு போனார்கள். தந்தை அடுத்த வருடமே அங்கு இறந்து போனார். மகன் 19 வருடங்களின் பின் 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கமுள்ள அரிப்பு ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. அவர்கள் பிடிபட்ட புளியமரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அந்தக் கல்லில் கப்பல் தலைவரான தந்தையையும் 19 வருடம் சிறையிருந்த மகனையும் ஒரே ஆளாகவே எழுதிவிட்டார்கள். கல்லில் வெட்டியதிலேயே இப்படி என்றால், எழுதாமல் விட்டவை என்னவாகும் என்று யோசியுங்கள்.

நொக்ஸ் சிறையிருந்த காலத்திலேயே, 1672இல், டி லா ஹே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பற்படையோடு இதே குடாவுக்கு வந்தார். ஒல்லாந்தர் விடவில்லை. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். இருந்தவர்கள் இருக்கிறோம்.

யார் அந்த இருந்தவர்கள்? கடலையும் காட்டையும் நம்பி வாழ்ந்த கரையோர வேடர் பரம்பரையினர் பாட்டாளிபுரம், சந்தனவெட்டைப் பக்கங்களில் இன்றும் இருக்கிறார்கள். சம்பூர், கட்டைபறிச்சான், கிளிவெட்டி, மல்லிகைத்தீவு என்று பழைய தமிழ்க் கிராமங்கள் இருக்கின்றன. மூதூர் நகரத்திலும் தோப்பூரிலும் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கிறோம். விவசாயம், மீன்பிடி, கால்நடை, வியாபாரம் எல்லாம் நமது கைத்தொழில். 1950களில் வந்த அல்லைக் குடியேற்றத் திட்டம் வயலைப் பெருக்கியது. சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் ஒரே வாய்க்கால் தண்ணீரில் வேளாண்மை செய்தார்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 79 ஆயிரம். அதில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் சுமார் 27 வீதம். மூன்று சமூகமும் இவ்வளவு நெருக்கமான அளவில் வாழும் மாவட்டங்கள் இலங்கையில் மிகக் குறைவு.

இன்றைய இளைஞர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. 1960 முதல் 1977 வரை மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரே தொகுதியிலிருந்து ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் பாராளுமன்றம் போனார்கள். இந்த மண்ணில் இரண்டு சமூகமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கிறது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி நமது கரையையும் அடித்தது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சில் சம்பூர்ப் பக்கத்து மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஜூலையில் மாவிலாற்று மதகு பூட்டப்பட்டது. ஓகஸ்டில் சண்டை நமது தெருவுக்கே வந்தது. தஞ்சமடைந்த இடங்களிலும் ஷெல் விழுந்தது. நமது மக்கள் கையில் கிடைத்ததோடு கந்தளாய்க்கு நடந்தார்கள். அதே நாட்களில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் நமது ஊரில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நாம் சில வாரங்களில் ஊர் திரும்பினோம். சம்பூர் மக்கள் தங்கள் காணிக்குத் திரும்ப 2015, 2016 வரை காத்திருந்தார்கள். நமது துயரத்தைச் சொல்லும்போது அடுத்த ஊரின் துயரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் அது முறைப்பாடு மட்டும்தான்.

தண்ணீர் பிரித்ததைப் பாலங்கள் சேர்த்தன. ஒரு காலத்தில் திருகோணமலைக்குப் போவதென்றால் லோஞ்சு, இல்லையென்றால் துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். நோயாளியைக் கொண்டு போனவர்களுக்கு அந்த வேதனை தெரியும். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதன் பின் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தன. இன்றைய பிள்ளைகளுக்குப் ‘பாதை’ என்றால் றோட்டு மட்டும்தான். ஆற்றைக் கடக்கும் பாதையை அவர்கள் கண்டதில்லை.

இதைத்தான் சொல்ல வந்தேன். 360 வருடத்துக்கு முன் இங்கு வந்து பிடிபட்ட ஒரு வெள்ளைக்காரனின் கதை புத்தகமாக இருக்கிறது. பாதை இழுத்தவரின் கதை, அல்லையில் முதல் காடு வெட்டியவரின் கதை, கந்தளாய்க்குப் பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்த உம்மாவின் கதை எங்கே இருக்கிறது? நமது மூத்தவர்களின் வாயில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் அதில் ஒரு பக்கம் மண்ணுக்குள் போகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் வீட்டிலுள்ள மூத்தம்மா, மூத்தவாப்பாவிடம் பிள்ளைகளை உட்கார வையுங்கள். போனில் அவர்கள் குரலைப் பதியச் சொல்லுங்கள். பழைய காணி உறுதி, பள்ளிவாசல் பதிவு, பாடசாலைப் படம் எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். கிளிவெட்டி, சம்பூர், கட்டைபறிச்சான் நண்பர்களும் இதைச் செய்யுங்கள். உங்கள் கதை இல்லாமல் எங்கள் கதை முழுமையாகாது. உங்கள் வீட்டில் கேட்டதை இதன் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து நமது பாடசாலை நூலகங்களில் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.

நமது ஊரை நாம் எழுதாவிட்டால், வந்து போகிறவர்கள்தான் எழுதுவார்கள்.