சொன்னால் என்ன ஆகும்? பள்ளிச் சீண்டலும் இளையோர் தற்கொலை அபாயமும்: போடி மலையடிவாரத்திலிருந்து ஒரு பார்வை

பொட்டிபுரம் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் நியூட்ரினோவோடு சேர்த்துத்தான் கேட்டிருப்பார்கள். மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்கும் திட்டத்தால் நாளிதழ்களில் நெடுங்காலம் அடிபட்ட ஊர் அது. இந்தக் கட்டுரை அந்த ஊரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு. பொட்டிபுரம் முதல் போடிநாயக்கனூர் வரையுள்ள மலையடிவாரத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. மடியில் தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பிள்ளை கண் விழிக்கும்போது அம்மா பாதி மலை ஏறியிருப்பாள். பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். ஜீப் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்.

வகுப்பில் ஒரு பிள்ளை நாள்தோறும் அவமானப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை யாரிடம், எப்போது சொல்லும்? சீண்டலுக்கும் தற்கொலை அபாயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் சீண்டுகிறவனின் கொடுமையைப் பற்றியோ, சீண்டப்பட்ட பிள்ளையின் மனத்திடத்தைப் பற்றியோதான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் முறையீட்டை நாம் ஆராய்வதில்லை. சொன்ன பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதே அபாயம் கூடுவதையும் குறைவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். இந்தக் கொடுமைக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் தனிப் பெயர் இல்லை. ஓட்டுறாங்க, கலாய்க்கிறாங்க, பட்டப்பேரு வைக்கிறாங்க என்பார்கள். இச்சொற்களில் எல்லாம் சிரிப்பு கலந்திருக்கிறது. வலி வெளியே தெரிவதில்லை. இலங்கைத் தமிழில் ‘பகிடிவதை’ என்ற சொல் நிலைபெற்றிருக்கிறது. பகிடிக்குள்ளேயே வதை இருக்கிறது என்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது. நம் பக்கத்தில் துன்பத்துக்குப் பெயரில்லை. அதை வெளியில் சொல்வதற்கோ பழிப்பெயரே இருக்கிறது. வாத்தியாரிடம் சொன்னவன் ‘போட்டுக்கொடுத்தவன்’. வீட்டில் சொன்னாலோ, “நீ எதுக்கு அவன் வம்புக்குப் போன?” என்பது முதல் கேள்வி. மகனைக் காப்பாற்ற நினைக்கும் தாயும் இதையே கேட்கிறாள். கேட்கும் நொடியில் குற்றம் பிள்ளையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

ஆய்வுகள் சொல்வதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். 2014இல் வான் கீல் குழுவினர் 34 ஆய்வுகளின், ஏறத்தாழ 2,84,000 இளையோரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சகமாணவர்களால் வதைக்கப்பட்டவர்களிடம் தற்கொலை எண்ணத்துக்கான வாய்ப்பு விகிதம் மற்றவர்களைவிட 2.23 மடங்கு, முயற்சிக்கு 2.55 மடங்கு. இணையவழிச் சீண்டலில் எண்ணத்துக்கான விகிதம் 3.12. இந்தத் தொடர்பை நேர்க்கோடாக வரைந்துவிடவும் கூடாது. ஃபின்லாந்தில் 1981இல் பிறந்த 5,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், எட்டு வயதில் அடிக்கடி வதைக்கப்பட்டதற்கும் பிற்காலத் தற்கொலைக்கும் முயற்சிக்கும் இருந்த தொடர்பு, நடத்தைக் கோளாறையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்தபின் சிறுவர்களிடம் மறைந்துபோனது. சிறுமிகளிடம் நீடித்தது. சீண்டல் தனியாக நின்று கொல்வதில்லை. மனச்சோர்வு, வறுமை, வீட்டுச் சண்டை, சாதி இழிவு என ஏற்கெனவே இருக்கும் சுமையின் மேல் அது ஏறுகிறது. சீண்டப்படும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு வளர்ந்து ஆளாகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்பார்கள்.

நம் அரசுப் பதிவுகள் அந்தத் தவற்றைத்தான் செய்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 1,416 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அதன் காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினை உண்டு, நோய் உண்டு, தேர்வுத் தோல்வி உண்டு, காதல் விவகாரம் உண்டு. சகமாணவர்களின் வதைக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத ஒன்று எண்ணிக்கையில் வராது. எண்ணிக்கையில் வராததற்கு நிதி ஒதுக்கீடும் வராது. நம் நாளிதழ் படிப்பவர் யாருக்கும் ‘தீராத வயிற்றுவலியால்’ என்ற தொடர் மனப்பாடம். அந்த வயிற்றுவலிக்குள் எத்தனை அவமானங்கள் அடக்கமாகியிருக்கின்றன என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை ஒவ்வொரு மரணத்தையும் வீட்டாரிடம் நேரில் கேட்டுப் பதிந்தார்கள். 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் லட்சத்துக்குப் பெண்கள் 148 பேர், ஆண்கள் 58 பேர் என்று வந்த தற்கொலை விகிதம், காவல்நிலையக் கணக்கை நம்பியிருந்தவர்களைத் திடுக்கிட வைத்தது. உட்கார்ந்து கேட்டால் வேறு உண்மை கிடைக்கிறது.

முறையிட்ட பிள்ளைக்கு நேர்ந்ததைத் தமிழ்நாடு நாங்குநேரியில் பார்த்தது. 2023 ஆகஸ்டில், சகமாணவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பட்டியல் சாதி மாணவர் ஒருவர், ஆசிரியர்கள் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அன்றிரவே அவர் வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இருவரும் பிழைத்தார்கள். அது தற்கொலைச் சம்பவம் அல்ல. ஆனாலும் இந்த ஆய்வுக்கு அதைவிட நெருங்கிய சான்று இல்லை. அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பது பாடமாகிவிட்டது. அதையடுத்து நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று மணிக்கட்டில் சுற்றிய அந்தக் கயிறுகளைப் பற்றிப் பள்ளிக் கல்வித் துறையே 2019இல் சுற்றறிக்கை விட்டது; எதிர்ப்பு வந்ததும் அது கிடப்பில் போனது. சாதிக் கலவரங்களைக் கண்ட போடி வட்டாரத்தில், பையன்களின் கையில் இருக்கும் கயிற்றைப் பட்டப்பெயரிலிருந்து பிரித்து ஆராய முடியாது. யார் யாரை ஓட்டலாம் என்ற வரிசை பள்ளி வாசலுக்கு வெளியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை ஒட்டி வந்ததே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997. உடல் தீங்கோடு மனத்தீங்கு, அச்சம், வெட்கம் ஆகியவற்றையும் சேர்த்து ராகிங் என்று அது வரையறுக்கிறது. ‘எந்தக் கல்வி நிறுவன’ மாணவருக்கு இழைத்தாலும் குற்றம் என்கிறது. ஆனால் நடைமுறையில் அது கல்லூரிச் சட்டமாகவே நின்றுவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் முறையீட்டில் அதை யாரும் நினைப்பதில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் மேல் வழக்குப் போடச் சொல்லவில்லை. சீண்டுகிறவனும் பிள்ளைதான், பல நேரம் வேறொருவனிடம் அடிவாங்கியவன். முறையீடு வந்தால் தலைமையாசிரியர் உடனே விசாரிக்க வேண்டும் என்ற கடமையையாவது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரலாம். ஜப்பானில் ஓட்சு நகரில் 2011இல் சீண்டலுக்கு ஆளான மாணவர் ஒருவர் தற்கொலையால் இறந்தபின், 2013இல் வந்த சட்டம் பள்ளிகள் இத்தகைய கடும் நிகழ்வுகளை விசாரித்தே தீர வேண்டும் என்றது. நார்வேயிலோ 1982இல் மூன்று சிறுவர்கள் இறந்ததற்கு மறு ஆண்டே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. உளவியலாளர் டான் ஒல்வியூஸ் பெர்கன் நகரப் பள்ளிகளில் செய்த ஆய்வில் சீண்டல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர் முதலில் மாற்றியது பெரியவர்களின் நடத்தையை: இடைவேளையில் மைதானத்தில் ஆசிரியர் நிற்பது, கண்டதும் தலையிடுவது.

மலையடிவாரத்துக்கென்று கூடுதலாக ஒன்று உண்டு. ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் அன்றாடப் புழக்கம். இளம் வயதின் தற்கொலை வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. இலங்கை 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடுத்தபோது, பத்தாண்டுகளில் அங்கே தற்கொலை விகிதம் பாதியானது. கேரளம் 2011இல் பல மருந்துகளைத் தடுத்தது. தமிழ்நாடு 2023இல் ஆறு மருந்துகளை 60 நாள் மட்டும் நிறுத்தியது. தோட்டம் ஒரு மாநிலத்திலும் வீடு ஒரு மாநிலத்திலும் இருக்கும் மக்களுக்கு அறுபது நாள் தடையால் என்ன பயன்? சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்களில் செய்ததுபோல், மருந்துகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுப் பெட்டகத்தில் பூட்டிவைப்பதை இங்கும் செய்து பார்க்க வேண்டும். தடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி ஆலோசகர் விவகாரம். சந்துரு குழு 500 மாணவர்களுக்கு மேலுள்ள பள்ளிகளுக்கு நல அலுவலர் கேட்டது. உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 மாணவர்கள் இருந்தாலே தகுதிபெற்ற ஆலோசகர் வேண்டும் என்றது. அடிவாரத்துச் சிறு பள்ளிகளுக்கு இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்பதற்குச் சமம். 500 என்ற கணக்கில் அவை விடுபட்டுப்போகும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கானாவிலக்கில் இருக்கிறது; ஒருநாள் கூலியை விட்டால்தான் அங்கே போய்வர முடியும். தொலைபேசியில் உதவி கேட்க 104, 14416, குழந்தைகளுக்கு 1098 ஆகிய எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கழிப்பறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். தனியாக நின்று படிக்க ஏற்ற இடம் அது.

கூலி என்றதும் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் முறையிட்ட பிள்ளை பெரும்பாலும் கேட்கும் பதில், “நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா.” மலைக்குப் போகும் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: அம்மாவின் ஒருநாள் கூலி போய்விடும், ஜீப்பில் அவள் இடமும் வேறொருத்திக்குப் போகலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரியும். அதனால் அது வாய் திறப்பதில்லை. முறையிட்டவனின் தாயைக் காலை பத்து மணிக்கு வரச்சொல்லும் வழக்கத்தைக் கைவிட்டு, ஆசிரியர் ஒருவர் மாலையில் ஜீப் வந்து நிற்கும் இடத்துக்குப் போகட்டும். அங்கே ஐந்து நிமிடம் பேசினால் போதும். பேச்சின் முதல் வார்த்தை, “உங்க பிள்ளை தப்பு ஏதும் பண்ணலம்மா” என்பதாக இருக்கட்டும்.