யூதாஸ் இஸ்காரியோத்து

யூதாஸ் இஸ்காரியோத்து, இயேசு கிறிஸ்து தேர்ந்துகொண்ட பன்னிரண்டு திருத்தூதர்களில் ஒருவர். எருசலேம் கோயிலின் தலைமைக் குருக்களிடம் தம் குருவைக் காட்டிக்கொடுத்தவர் என்று நான்கு நற்செய்திகளும் இவரைக் குறிக்கின்றன. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய ஒத்தமை நற்செய்திகள் தரும் சீடர் பட்டியல்கள் மூன்றிலும் இவர் பெயர் கடைசியில்தான் வரும். காட்டிக்கொடுத்தவர் என்ற அடைமொழியோ குறிப்போ கூடவே வரும். யோவான் நற்செய்தி இவரைச் சீமோன் இஸ்காரியோத்தின் மகன் என்கிறது. இவருடைய ஊர், வயது, இயேசுவோடு சேர்ந்த சூழ்நிலை எதையும் நற்செய்திகள் சொல்லவில்லை. 'இஸ்காரியோத்து' என்பதை யூதேயாவின் தென்பகுதியில் இருந்த கெரியோத் என்னும் ஊரோடு இணைப்பதே பெரும்பான்மை வழக்கம். அது சரியென்றால், பெரும்பாலும் கலிலேயராக இருந்த சீடர் கூட்டத்தில் இவர் வெளியூர்க்காரர்.

பெயர் ஒற்றுமையால் ஒரு குழப்பம் உண்டு. பன்னிருவரில் யூதா ததேயு என்று இன்னொருவர் இருந்தார். யோவான் நற்செய்தியே அவரைப் பற்றிச் சொல்லும்போது 'இஸ்காரியோத்து அல்லாத' யூதா என்று பிரித்துக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் பல ஆலயங்களில் வணங்கப்படும் புனித யூதா ததேயு இவர்தான். காட்டிக்கொடுத்தவருக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பணப்பையும் நறுமணத் தைலமும்

யூதாசின் குணத்தைப் பற்றி நேராகப் பேசும் ஒரே இடம் யோவான் நற்செய்தியின் 12-ஆம் அதிகாரம். பெத்தானியாவில் நடந்த விருந்தில் மரியா விலையுயர்ந்த நரந்தத் தைலத்தை இயேசுவின் காலடிகளில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறார். இதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் குறைப்பட்டுக்கொள்கிறார். ஏழைகள் மேலுள்ள கவலையால் அவர் இப்படிப் பேசவில்லை, குழுவின் பணப்பை அவரிடம் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது என்று நற்செய்தியாளர் உடனே சேர்த்துவிடுகிறார். மாற்குவிலும் மத்தேயுவிலும் இதே முணுமுணுப்பு வருகிறது. ஆனால் மாற்கு அதைச் சிலர் மேலும், மத்தேயு சீடர்கள் மேலும் பொதுவாகச் சுமத்துகிறார்கள். யூதாசின் பெயர் அங்கே இல்லை. கதை கைமாறக் கைமாறப் பழி ஒரே ஆளிடம் வந்து குவிவதை இந்த ஓரிடத்திலேயே பார்த்துவிடலாம்.

காட்டிக்கொடுத்ததற்கான விலையை 30 வெள்ளிக்காசு என்று சொல்பவர் மத்தேயு மட்டுமே. மாற்குவும் லூக்காவும், குருக்கள் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விடுதலைப் பயண நூலில், மாடு முட்டி இறந்த அடிமைக்கு உரிமையாளர் பெறும் இழப்பீடு 30 வெள்ளி. செக்கரியா நூலில் மேய்ப்பருக்குக் கிடைக்கும் ஏளனமான கூலியும் அதே தொகை. எருசலேம் கோயிலில் செல்லுபடியான காசு தீரு நகரத்து வெள்ளிச் செக்கேல். ஒன்று சுமார் 14 கிராம். மத்தேயு குறிப்பிடும் காசு அதுவாக இருந்தால் 30 காசு 120 தெனாரியத்துக்குச் சமம், அதாவது கூலியாளின் ஏறத்தாழ நான்கு மாத உழைப்பு. பெத்தானியாவில் கொட்டப்பட்ட தைலத்தின் விலையில் பாதிகூட இல்லை. பணத்தாசை மட்டுமே காரணம் என்ற விளக்கம் இந்தக் கணக்கின் முன் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்கிறது.

ஒரே பாத்திரத்தில் கையிட்டவர்

இறுதி இரவுணவுக் காட்சியில் நற்செய்திகள் அழுத்திச் சொல்வது பணத்தை அல்ல, பந்தியை. தம்மோடு ஒரே பாத்திரத்தில் கையிட்டு உண்பவரே தம்மைக் காட்டிக்கொடுப்பார் என்று இயேசு சொல்வதாக மாற்குவும் மத்தேயுவும் எழுதுகிறார்கள். தன் உணவை உண்ட நண்பனே தனக்கு எதிராகக் காலைத் தூக்கினான் என்று முறையிடும் 41-ஆம் திருப்பாடலை யோவான் இங்கே நினைவூட்டுகிறார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதைப் பெரும் பாவமாகக் கருதும் தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

யோவானின் விவரிப்பில் இயேசு அப்பத்துண்டைத் தோய்த்து யூதாசிடம் கொடுக்கிறார். அதை வாங்கிக்கொண்டு அவர் வெளியே போகிறார். பணப்பை அவரிடம் இருந்ததால், திருவிழாவுக்கு ஏதோ வாங்கப் போகிறார், அல்லது ஏழைகளுக்கு எதையோ கொடுக்கப் போகிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். கடைசி நிமிடம் வரைக்கும் கூட இருந்தவர்களுக்கு அவர் மேல் சந்தேகம் எழவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. லூக்காவின் வரிசைப்படி, அப்பமும் கிண்ணமும் பகிர்ந்தளிக்கப்பட்ட பிறகும் யூதாசின் கை பந்தியில் இருக்கிறது. அப்படியானால் அவரும் நற்கருணை பெற்றாரா என்ற கேள்வி இறையியலாளர்களை நெடுநாள் அலைக்கழித்தது. பெற்றார் என்பதே அகுஸ்தீனார், தாமஸ் அக்குவினாஸ் ஆகியோரின் முடிவு.

பிறகு கெத்சமனித் தோட்டம். ஆள் அடையாளம் காட்டுவதற்கு முத்தம் என்று யூதாஸ் முன்பே பேசிவைத்திருக்கிறார். ஒலிவ மரங்களுக்கு நடுவே, இரவில், தாடி வைத்த கலிலேயர் கூட்டத்தில் ஒருவரைப் பிரித்தறியக் காவலர்களுக்கு உள்ளாள் தேவைப்பட்டிருக்க வேண்டும். பகலில் கோயில் முற்றத்தில் பிடித்தால் மக்கள் கலகம் செய்வார்கள் என்ற அச்சமும் இருந்தது. ஆகவே, யூதாஸ் உண்மையில் விற்றது குரு தனியாக இருக்கும் இடத்தையும் நேரத்தையும்தான். யோவான் நற்செய்தியில் முத்தமே இல்லை; இயேசு தாமே முன்வந்து, தேடுவது தம்மைத்தான் என்று சொல்லிவிடுகிறார். யூதாஸ் அங்கே ஒரு வார்த்தையும் பேசாமல் படைவீரர்களோடு நிற்கிறார்.

இரண்டு விதமாக ஒரு சாவு

மத்தேயுவின்படி, இயேசுவுக்குத் தண்டனை உறுதியானதைக் கண்ட யூதாஸ் மனம் வருந்தி, குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லிப் பணத்தைக் குருக்களிடம் திருப்புகிறார். அவர்கள் வாங்க மறுக்க, காசைக் கோயிலில் எறிந்துவிட்டுப் போய்த் தூக்குப்போட்டுக்கொள்கிறார். அது இரத்தத்தின் விலை என்பதால் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிக் குருக்கள் குயவன் நிலத்தை வாங்கி, அந்நியரை அடக்கம் செய்யும் இடமாக்குகிறார்கள். திருத்தூதர் பணிகள் நூல் வேறு கதை சொல்கிறது. அங்கே நிலத்தை வாங்கியவரே யூதாஸ்தான். அதில் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறார். வருத்தமும் இல்லை, கயிறும் இல்லை. கயிறு அறுந்து விழுந்திருப்பார் என்று இரண்டையும் ஒட்டவைக்கும் முயற்சி பழங்காலத்திலிருந்தே நடந்துவருகிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பாப்பியாஸ் ஆயர், யூதாஸ் சாகாமல் பிழைத்து, உடல் ஊதி அழுகிச் செத்தார் என்று மூன்றாவது கதை ஒன்றைப் பதிவுசெய்தார். அக்கெல்தமா, அதாவது இரத்தநிலம் என்று மரபு காட்டும் இடம், எருசலேமுக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கில் உள்ளது. பன்னிருவரில் யூதாசால் காலியான இடத்துக்கு மத்தியா சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதே இரவில் பேதுருவும் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தார். இருவரும் வருந்தினார்கள், ஒருவர் அழுதுவிட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார், மற்றவர் தனியே போனார். யூதாசின் பெரிய பிழை காட்டிக்கொடுத்ததைவிட மன்னிப்பில் நம்பிக்கை இழந்ததே என்று திருச்சபைப் போதகர்கள் பலர் இதைக் கொண்டு வாதிட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபை இவர் உட்பட யாரையும் பெயர் சொல்லி நரகத்தில் இருப்பதாக அறிவித்ததில்லை. பிரான்சின் வெசலே பேராலயத்தில் 12-ஆம் நூற்றாண்டுத் தூண் சிற்பம் ஒன்று உள்ளது. அதில் ஒரு பக்கம் தூக்கில் தொங்கும் யூதாஸ். மறுபக்கம் அவர் உடலைத் தோளில் சுமந்து செல்லும் ஒருவர். சுமப்பவர் நல்லாயனாகிய இயேசுவே என்ற விளக்கத்தைப் போப் பிரான்சிஸ் விரும்பி எடுத்துச் சொன்னார்.

தமிழ் மரபில்

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15-இல் தரங்கம்பாடியில் அச்சானபோது யூதாசின் கதை முழுமையாகத் தமிழ் அச்சுக்கு வந்தது. சீர்திருத்தச் சபைகளின் பழைய பதிப்புகளில் 'யூதாஸ்காரியோத்து' என்றும், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 'யூதாசு இஸ்காரியோத்து' என்றும் பெயர் இருக்கும். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) எழுதிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்கரிடையே ஓதப்படும் நூல். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894), கண்ணதாசன் மறைந்த பிறகு 1982-இல் வெளியான இயேசு காவியமும் பாடுகளின் வரலாற்றைக் கவிதையில் விரித்தன.

ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் யூதாசை அதிகம் சந்தித்தது ஏட்டில் அல்ல, மேடையில். திருச்சி, தஞ்சாவூர், திண்டுக்கல் வட்டாரங்களில் ஆலயத் திடலில் நடக்கும் பாஸ்கா நாடகங்களில் ஊர்க்காரர்களே வேடம் கட்டுவார்கள். இயேசுவாக வருபவருக்கு அமைதியே நடிப்பு. பேரம் பேசவும், பதறவும், புலம்பவும், காசை வீசியடிக்கவும் இடமுள்ள வேடம் யூதாஸ்தான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இதற்குப் 'பாஸ்' என்று பெயர். உடக்கு எனப்படும் பொம்மை உருவங்களை இயக்கி நடத்திய 'உடக்குப் பாஸ்' அதன் பழைய வடிவம். நீ. மரிய சேவியர் அடிகள் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இதை நவீன மேடைக்குக் கொண்டுவந்தது.

நாடகம் இல்லாத ஊரிலும் யூதாஸ் ஆண்டுதோறும் வந்துவிடுகிறார். கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கில் புனித வாரத்தின் திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள்களின் நற்செய்தி வாசகங்களிலும் அவர் இருக்கிறார். திங்களன்று தைலத்தைப் பற்றிய முறையீடு, செவ்வாயன்று தோய்த்த அப்பத்துண்டு, புதனன்று முப்பது வெள்ளிக்காசு.   பெரிய வியாழன் மாலை, பங்கு மக்களில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துக் குருவானவர் பாதம் கழுவுவார். யோவானின் கதைப்படி அன்று யூதாசின் பாதமும் கழுவப்பட்டது. ஆனாலும் அமர்ந்திருப்பவர்களில் இவர் யூதாஸ் என்று யாரும் சுட்டப்படுவதில்லை.

பொது வழக்கில் தமிழர்கள் துரோகிக்கு எடுத்தாளும் பெயர் எட்டப்பன். 1799-இல் கட்டபொம்மனை வேட்டையாடிய கும்பினிக்கு உதவிய எட்டையபுரம் பாளையக்காரரின் பெயர், 1959-இல் வந்த சிவாஜி கணேசன் படத்தால் வசைச்சொல்லாக வீடுதோறும் பரவியது. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. எட்டப்பன் பகையுள்ள பக்கத்துப் பாளையத்தார், கட்டபொம்மனின் சீடரோ ஊழியரோ அல்ல. யூதாசின் கதையைக் கொடுமையாக்கும் நெருக்கம் அங்கே இல்லை.

மறுவாசிப்புகளும் ஒரு பழியும்

கவிஞர் தாந்தே யூதாசை நரகத்தின் அடியாழத்தில், சாத்தானின் வாயில் வைத்தார். லியோனார்தோ டாவின்சி தம் இறுதி இரவுணவு ஓவியத்தில் (1495–98) இவரை எதிர்ப்பக்கம் தனித்து உட்காரவைக்கும் பழைய முறையை விட்டு, பணப்பையைப் பற்றிய கையோடு மற்றவர்களின் வரிசையிலேயே அமர்த்தினார். கசந்த்சாகிஸ், போர்ஹெஸ், அமோஸ் ஓஸ் ஆகிய எழுத்தாளர்கள் யூதாசைக் குருவின் திட்டத்தை நிறைவேற்றியவராகவோ, அளவுக்கு மீறி நம்பியவராகவோ எழுதிப் பார்த்தார்கள். இந்தப் போக்கு புதிதல்ல. கி.பி. 180 வாக்கில் ஆயர் இரனேயுஸ் கண்டித்த 'யூதாசின் நற்செய்தி'யின் கோப்திய மொழிப் பிரதி எகிப்தில் கிடைத்து 2006-இல் வெளியானது. அதில் இயேசுவின் மறைபொருளைப் புரிந்துகொண்டவராகப் பேசப்படுபவர் யூதாசே. அவர் உண்மையில் அதில் நாயகனா, ஏமாந்தவரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நூல் ஞானமரபுக் குழு ஒன்றின் நம்பிக்கையைக் காட்டுமே தவிர, முதல் நூற்றாண்டு நிகழ்வுக்குச் சாட்சியாகாது.

பன்னிருவரும் யூதர்களாக இருந்தும், பெயரின் ஒலியைக் கொண்டு யூதாசையே யூத இனத்தின் உருவமாக்கியது ஐரோப்பிய இடைக்காலம். சிவந்த முடியும், மஞ்சள் உடையும், பணப்பையும் அவருக்கு மாட்டப்பட்டன. பாடுகளின் நாடகங்கள் யூதர் மேல் வன்முறையைத் தூண்டின. இயேசுவின் மரணத்துக்கு யூத மக்கள் அனைவரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் அறிவித்தது. 1634 முதல் பாடுகளின் நாடகம் நடத்திவரும் ஜெர்மனியின் ஓபராமர்கௌ கிராமம் அதன் பிறகு தன் பிரதியைப் பலமுறை திருத்தியது; யூதாஸ் பாத்திரமும் அதில் மாற்றி எழுதப்பட்டது.