வரட்டி சுமந்த தலை

1935 மே 27-ஆம் தேதி, பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டில் ரமாபாய் இறந்துபோனார். நெடுநாளாகப் படுக்கையில் இருந்த உடம்பு. நாற்பது வயதுகூட நிறையவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அவரை இழந்தவர்கள் ஒருவரல்ல. அம்பேத்கர் என்ற கணவர் மனைவியை இழந்தார். யஷ்வந்த் என்ற ஒற்றை மகன் தாயை இழந்தான். தாய் தகப்பன் இல்லாமல் கூடவே வளர்ந்து வந்த தம்பி தங்கைகள் அக்காவை இழந்தார்கள்.

நம் வரலாற்று நூல்கள் இந்தச் சாவை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. 1935 என்றதும் நமக்கு நினைவில் வருவது அக்டோபர் 13, யேவலா மாநாடு. இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்த நாள். அதற்கு ஐந்து மாதம் முன்பு அவர் வீட்டிலிருந்து ஒரு பிணம் போனது என்பதை இரண்டு நிகழ்ச்சிகளாகவே படிக்கிறோம். ஒன்று வரலாறு, இன்னொன்று குடும்பச் செய்தி. இந்தப் பிரிவினையை யார் செய்தது? இதைத்தான் நான் கேட்க நினைக்கிறேன்.

ரமாபாய் கொங்கண் கரையோரம், தாபோலிப் பக்கத்து வணந்த் என்ற ஊரில் ஒரு மகர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் தாபோல் துறையில் மீன்கூடை சுமந்த கூலி. சின்ன வயதிலேயே தாயும் போய், தகப்பனும் போய்விட்டார். உறவுக்காரர் பிள்ளைகளைப் பம்பாய்க்குக் கூட்டிவந்தார். ரமாபாய்க்குத் தங்கையும் தம்பியும் இருந்தார்கள். நம் வீடுகளில் தாயில்லாத குழந்தைகளுக்கு மூத்தவள்தான் தாய். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு பிள்ளை இருக்கும். ஆக அவர் மனைவியாவதற்கு முன்பே அக்கா. அக்காவாக இருந்தபோதே பாதித் தாய்.

1906 வாக்கில் கல்யாணம். அவருக்கு ஒன்பது வயது, பீமராவுக்கு பதினைந்து ஒட்டிய வயது. நடந்த இடம் பைகுல்லா மார்க்கெட். பகல் வியாபாரம் முடிந்து கடைக்காரர்கள் போன பிறகு, ராத்திரியில், திறந்த கொட்டகையின் கீழே. மீன் விற்ற கல் மேடைதான் உட்கார இடம். கீழே அழுக்குத் தண்ணி ஓடுகிறது. விடிவதற்குள் எல்லாவற்றையும் முடித்து இடத்தைக் காலி பண்ணியாக வேண்டும். காலையில் திரும்பவும் கடை வந்துவிடும். சொந்தமாக ஒரு பந்தல் போட இடமில்லாத சனத்தின் கல்யாணம் அது.

இங்கே அந்த வீட்டின் மற்றப் பெண்களையும் சொல்ல வேண்டும். பீமராவுக்குத் தாய் பீமாபாய் இறந்தபோது அவர் சிறு பையன். வளர்த்தவர் அத்தை மீராபாய். பையனுக்குப் புத்தகப் பசி. கேட்ட புத்தகத்தை வாங்கித்தர ராம்ஜிக்கு வழியில்லை. கட்டிக்கொடுத்த மகள்களிடம் ஓடுவாராம். கடன் கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் மகள் நகையைக் கழற்றிக் கொடுப்பாள். அது அடகுக்குப் போகும், புத்தகம் வீட்டுக்கு வரும், பென்ஷன் வந்ததும் நகை திரும்பும். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலேயே இது இருக்கிறது. மஞ்சுளா, துளசி என்பவை அந்தச் சகோதரிகளின் பெயர்கள். அம்பேத்கர் படித்த புத்தகங்களின் பெயரை நம் தோழர்கள் வரிசையாகச் சொல்லுவார்கள். அந்தப் புத்தகம் எந்தக் காதிலிருந்து, எந்தக் கழுத்திலிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது.

1913-ல் பரோடா அரசரின் உதவித்தொகையில் அம்பேத்கர் கொலம்பியா போகிறார். அந்த வருசம் பிப்ரவரியில்தான் ராம்ஜி இறந்திருந்தார். பரேலில் மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய சால் வீட்டில் இரண்டு அறை. அதற்குள் பெரிய குடும்பம். 1917-ல் திரும்பி வருகிறார். 1918-ல் சைடன்ஹாம் கல்லூரியில் வேலை, மாதம் 450 ரூபாய். அப்பாடா என்று மூச்சு விடலாம் என்று பார்த்தால், அந்தப் பணத்தில் மிச்சம் பிடித்து 1920-ல் மறுபடி லண்டன். 1923-ல்தான் வருகிறார். ஏறத்தாழ ஏழு வருசம் அவர் கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ரமாபாய்.

அந்தக் காலத்தில் ரமாபாய் சாணி பொறுக்கினார், வரட்டி தட்டினார், தலையில் சுமந்தார் என்பது மராட்டிய தலித் மக்கள் வாயில் இன்றும் பாட்டாக ஓடுகிறது. பாட்டு என்பதால் இதைக் கட்டுக்கதை என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆனால் சாட்சி அம்பேத்கரே. தன் ‘பகிஷ்கிருத பாரத்’ பத்திரிகை கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம், 1928 பிப்ரவரியில், இந்தக் கடன் பொதுக்கடன் இல்லையா என்று சமூகத்தைக் கேட்டு அதில் ஒரு கட்டுரை எழுதினார். அதிலே தன் மனைவியைப் பற்றியும் எழுதுகிறார். தான் வெளிநாட்டில் இருந்தபோது குடும்ப பாரத்தை அவள் தூக்கினாள் என்றும், திரும்பி வந்த பிறகும் வறுமையில் சாணிக்கூடையைத் தலையில் சுமந்தாள் என்றும், அப்படிப்பட்டவளுக்கு நாளில் அரைமணி நேரம்கூடத் தன்னால் கொடுக்க முடியவில்லை என்றும் சொல்கிறார். ஒரு பத்திரிகையின் கணக்கில் மனைவியின் சாணிக்கூடையைச் சேர்த்து எழுதிய தலைவர் வேறு யார் இருக்கிறார்? அவர் அதைப் பொதுக்கணக்கில் வைத்தார். நாம்தான் அதை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டோம்.

பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன். பெற்றது ஐந்து. தங்கியது யஷ்வந்த் ஒருவன். கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா என்று நாலு பிள்ளைகளும் பச்சையிலேயே போய்விட்டார்கள். கடைசிப் பிள்ளை ராஜரத்னா செத்தது 1926 ஜூலையில். கங்காதர் செத்தபோது பிணத்தின்மேல் போர்த்தத் துணி வாங்கக் காசில்லை, ரமாபாய் தன் புடவை முந்தானையைக் கிழித்துக் கொடுத்தார் என்று மக்கள் சொல்கிறார்கள். ராஜரத்னா போன சில வாரத்தில் நண்பர் ஒருவருக்கு அம்பேத்கர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. நாலு பிள்ளைகளைப் புதைத்த கையோடு இனி வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்று உடைந்து எழுதுகிறார். அந்தத் துயரத்தைத் தகப்பன் எழுதினார், நமக்குக் கிடைத்தது. தாய் எழுதவில்லை. எழுத்து அவர் கைக்கு வெகு தாமதமாக, அதுவும் கொஞ்சமாகத்தான் வந்தது.

இதை விதி என்றோ தியாகம் என்றோ சொல்லி முடித்துவிடக்கூடாது. 1921-ன் அரசுக் கணக்குப்படி பம்பாய் நகரத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 600-க்கும் மேல் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஒற்றை அறைக் குடித்தனங்களில் சாவு இன்னும் அதிகம். காற்று இல்லாத அறை, பொதுக்குழாய், பொதுக்கக்கூஸ், அரைவயிற்றுத் தாயின் வற்றிய பால். இவைதான் அந்தக் குழந்தைகளைக் கொன்றவை. ரமாபாயின் மடி காலியானது ஒரு வீட்டின் துக்கம் மட்டுமல்ல. சாதியும் கூலியும் வீட்டுவாடகையும் சேர்ந்து செய்த காரியம். ‘தியாகத் தாய்’ என்று மாலை போட்டுவிட்டால் கொன்றவனைக் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வார்த்தை எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

ரமாபாய் பக்தியுள்ளவர். விரதம் இருப்பார். பண்டரிபுரம் போய் விட்டலனைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அம்பேத்கர் சம்மதிக்கவில்லை. நம்மை வெளியே நிறுத்தும் பண்டரிபுரம் எதற்கு, உனக்கு வேறொரு பண்டரிபுரம் உண்டாக்குகிறேன் என்றார். பகுத்தறிவு பேசும் நம் தோழர்கள் இதைச் சொல்லிவிட்டு, பாவம், விவரம் தெரியாத பொம்பள என்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. 1930 மார்ச் 2-ல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் ஆயிரக்கணக்கான பேர் திரண்டு, வருசக்கணக்கில் போராடினார்கள். கோயிலுக்குள் போக வேண்டும் என்று ஆண்கள் தலைமையில் கூட்டமாகக் கேட்டால் அது சத்தியாக்கிரகம். அதையே ஒரு பெண் தன் வீட்டுக்குள் நின்று கேட்டால் அது மூடநம்பிக்கையா?

அந்தப் பண்டரிபுரத்து வாசற்படியோரம்தான் சொக்கமேளரின் சமாதி இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு மகர் கவி. உள்ளே விடவில்லை, படியில் கிடத்தினார்கள். அவர் மனைவி சோயராபாயும் கவி, தங்கை நிர்மளாவும் கவி. தீட்டு இல்லாத உடம்பு உலகத்தில் எது என்று சோயரா அன்றைக்கே கேட்டுவிட்டாள். ஆனால் இன்றைக்கும் அவர்களைச் சொக்கமேளரின் மனைவி, சொக்கமேளரின் தங்கை என்றுதான் அறிமுகப்படுத்துகிறோம். அந்தக் கோயில் கதவு நமக்குத் திறந்தது 1947-ல், சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகு. ரமாபாய் செத்துப் பன்னிரண்டு வருசம் கழித்து.

அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார் என்பதும் முழு உண்மையில்லை. 1928-ல் பம்பாயில் தீண்டப்படாத பெண்கள் அமைத்த சங்கத்துக்கு அவரைத் தலைவராக்கினார்கள் என்று குறிப்பு இருக்கிறது. தார்வாடில் நம் பிள்ளைகளுக்கு நடந்த விடுதியில் அரிசி பருப்பு இல்லாமல் அடுப்பு அணைந்தபோது, அங்கே தங்கியிருந்த ரமாபாய் தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்து உலை ஏற்றவைத்தார் என்றும் சொல்கிறார்கள். பெற்ற பிள்ளைகள் நாலைப் புதைத்தவர் ஊரான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். ‘ரமாய்’ என்று, ரமா அம்மா என்று, மக்கள் கூப்பிடத் தொடங்கியது இப்படித்தான்.

இந்த ‘அம்மா’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பெண்ணைத் தாயாக்கி, தங்கையாக்கி, மனைவியாக்கி அடைத்துவைக்கிறார்கள் என்று பெண்ணியத் தோழர்கள் சொல்வது சரி. ஆனால் நம் அனுபவத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் ஊரில் மீசை முளைக்காத ஊர்த்தெருப் பையன் அறுபது வயது என் ஆயாவை, “ஏ, இங்க வாடி” என்றுதான் கூப்பிடுவான். அவள், “இதோ வரேன் சின்னாண்டே” என்று ஓடுவாள். ஊர்க்காரன் எவனுக்கும் அவள் அம்மா இல்லை, அக்கா இல்லை, ஆத்தா இல்லை. முறை வைத்துக் கூப்பிடுவது மனிதர்களை. நம்மை அவன் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சனம் தனக்குள்ளிருந்து ஒருத்தியை எடுத்து, மாதா என்றும் அன்னை என்றும் பெயர் வைப்பது வெறும் பாசம் அல்ல. அது மரியாதையைப் பிடுங்கி எடுக்கிற காரியம். நம் பக்கத்தில் மீனாம்பாள் சிவராஜை (1904–1992) அன்னை என்றோம். அம்பேத்கர் அவரைத் தங்கையாகக் கருதினார் என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லட்டும். ஆனால் அவர் சென்னை மாநகராட்சியில் உட்கார்ந்தவர், மேடை ஏறி மாநாடு நடத்தியவர் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். உறவுமுறை மரியாதையைத் தர வேண்டும். உழைப்பை மறைக்கக்கூடாது.

ரமாபாய் இறந்தபின் அம்பேத்கர் தலையை மழித்துக்கொண்டு, காவி உடுத்தி, யாருடனும் பேசாமல் அறைக்குள் கிடந்தார் என்று கீர் எழுதுகிறார். ஆனால் ஜூன் மாதமே பம்பாய் அரசு சட்டக் கல்லூரி முதல்வர் பொறுப்பில் அமர்ந்தார். ஐந்தாறு வருசம் கழித்துப் பாகிஸ்தான் பிரச்சினை பற்றிய தன் பெரிய நூலை ராமுவின் நினைவுக்கு என்று எழுதி வைத்தார். அவளுடைய நல்ல மனதையும், நண்பர்கள் இல்லாத, இல்லாமையும் கவலையும் நிறைந்த நாட்களில் தன்னோடு சேர்ந்து கலங்காமல் துன்பப்பட்ட உறுதியையும் அதில் குறிப்பிடுகிறார். தேசங்களின் எல்லையைப் பற்றிய ஒரு நூலின் முதல் பக்கத்தில் ஒரு மகர் பெண்ணின் பெயர். அந்த நூலை மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மக்கள் புரட்டிவிட்டுப் போகவில்லை. பம்பாய் காட்கோபரில் ஒரு குடிசைப்பகுதிக்கு மாதா ரமாபாய் அம்பேத்கர் நகர் என்று பெயர் வைத்தார்கள். 1997 ஜூலை 11 காலையில் அங்கே அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. நியாயம் கேட்டு ரோட்டுக்கு வந்த மக்கள்மீது ரிசர்வ் போலீஸ் சுட்டதில் 10 பேர் செத்தார்கள். மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்று பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ரமாபாய் நகர் சாவுகளைத் தாங்க முடியாமல் மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே நாலாம் நாள் தூக்கில் தொங்கினார். அன்றைக்கு ரமாபாய் பெயர் தாங்கிய தெருவில் மறுபடியும் தாய்கள் பிள்ளைகளை இழந்தார்கள், மனைவிகள் புருசனை இழந்தார்கள். சுட உத்தரவிட்ட அதிகாரிக்குத் தண்டனை சொல்ல 2009 வரை ஆனது. ரமாபாயின் வாழ்க்கை பழங்கதை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மராட்டியத்தில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் கிராமம் கிராமமாக நடந்து, அம்பேத்கர் இயக்கத்தில் இருந்த கிழவிகளைத் தேடிப் பேசவைத்து, ‘நாங்களும் வரலாறு படைத்தோம்’ என்று 1989-ல் மராட்டியில் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். தமிழில் அந்த வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது. நம் ஒவ்வொரு சேரியிலும் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் பரீட்சைக்குப் பணம் கட்ட யார் காதுக் கம்மல் போனது, அவன் பட்டணத்தில் படித்தபோது யார் நடவுக்குப் போனாள், எந்த அக்கா கல்யாணம் வேண்டாம் என்று உட்கார்ந்தாள், எந்தப் பிள்ளை வைத்தியம் பார்க்க வழியில்லாமல் செத்தது என்பதை எழுதி வைத்தவர் யாருமில்லை. கேட்டால் சொல்லுகிற கிழவிகள் ஒவ்வொருத்தியாகப் போய்க்கொண்டிருக்கிறாள். மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு முதலில் அவர்கள் திண்ணைக்குப் போகட்டும். பெயர், ஊர், அடகு வைத்த பொருள், திருப்பியதா இல்லையா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளட்டும். நம் இயக்கத்தின் கடன் பத்திரம் அங்கேதான் இருக்கிறது.