மைக்ரோசாட்டலைட்

டி.என்.ஏ.வில் ஒன்று முதல் ஆறு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு தொடர், இடைவெளியின்றி அடுத்தடுத்துப் பலமுறை வரும் பகுதி மைக்ரோசாட்டலைட் எனப்படும். சி-ஏ-சி-ஏ-சி-ஏ என நீள்வது ஓர் எடுத்துக்காட்டு. மனித மரபணுத்தொகுதியில் இவற்றின் பங்கு சுமார் 3 விழுக்காடு. பாக்டீரியாவிலும் இவை உண்டு, நெல்லிலும் உண்டு. ஆனால் எந்தத் தொடர் மிகுந்திருக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும்.

இவை பெருகுவதற்குக் காரணம் நகலெடுப்பில் நேரும் வழுக்கல். செல் பிரியுமுன் டி.என்.ஏ. நகலாகும்போது, புதிதாக வளரும் இழை சற்று விலகி மீண்டும் ஒட்டிக்கொள்வதுண்டு. தொடரின் எல்லாப் படிகளும் ஒன்றுபோல இருப்பதால், ஒரு படி தள்ளி ஒட்டினாலும் எழுத்துகள் பொருந்திவிடும். புதிய இழை புடைத்துக்கொண்டால் ஒரு படி கூடும். பழைய இழை புடைத்தால் ஒன்று குறையும். பழுதுபார்க்கும் நொதிகளுக்குத் தப்பியவை சந்ததிக்குப் போகும். மனிதரில் ஒரு மைக்ரோசாட்டலைட்டின் நீளம் மாற, தலைமுறைக்கு ஆயிரத்தில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று வரை வாய்ப்புண்டு. தனி எழுத்து ஒன்று மாறுவதோ பல கோடியில் ஒன்று.

ஈரெழுத்துத் தொடர்களில் பாலூட்டிகளிடம் சி-ஏ முந்தி நிற்கிறது. தாவரங்களில் பொதுவாக ஏ-டி. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஏ, டி எழுத்துகளே என்பதால் அங்கே டி-ஏ மிகுந்திருப்பதில் வியப்பில்லை. முதுகெலும்பிகளில் சி-ஜி மிக அரிது: ஜிக்கு முன் வரும் சி, மெத்தில் ஏற்று எளிதில் டி ஆகிவிடும். இருந்தும் எழுத்து விகிதத்தை மட்டும் வைத்து எல்லா வேறுபாட்டையும் விளக்க முடியாது. பழுதுபார்க்கும் நொதிகளின் திறனும் இனத்துக்கு இனம் வேறு.

புரதத்துக்கான பகுதிகளில் மூவெழுத்துத் தொடர்களே பெரிதும் தங்குகின்றன. மற்றவை நீண்டால் படிப்பு வரிசையே குலைந்துவிடும். மூவெழுத்தும் எப்போதும் தீங்கற்றதல்ல. 1993இல் அடையாளம் காணப்பட்ட ஹன்டிங்டன் நோய் மரபணுவில் சி-ஏ-ஜி 40 முறைக்கு மேல் வந்தால் நோய் உறுதி. ஹீமோபிலஸ் இன்ஃபுளுயென்சா என்ற பாக்டீரியாவோ படிப்பு வரிசையின் குலைவையே பயன்படுத்திக்கொள்கிறது. சி-ஏ-ஏ-டி தொடர் கூடிக் குறையும்போது சில மரபணுக்கள் இயங்கியும் நின்றும் போகின்றன. அதன் மேற்பரப்பு மாறி உடலின் எதிர்ப்பிலிருந்து அது தப்புகிறது.

இத்துறையில் இந்தியப் பங்கு ஒரு பாம்பிலிருந்து தொடங்கியது. மஞ்சள், கருப்புப் பட்டைகள் கொண்ட கட்டுவிரியனின் டி.என்.ஏ.விலிருந்து ஆய்வாளர் லால்ஜி சிங்கும் உடன் பணியாற்றியோரும் பிரித்த ஒரு பகுதி, 1980இல் வெளியான ஆய்வில் இடம்பெற்றது. பி.கே.எம். எனப்பட்ட அதில் ஜி-ஏ-டி-ஏ தொடர் நிறைந்திருந்தது. பாம்புகளில் பெண்ணுக்குரிய டபிள்யூ குரோமோசோமில் அது செறிந்திருந்தது. சுண்டெலியில் ஆணுக்குரிய ஒய் குரோமோசோமிலும் அது திரண்டிருப்பது பின்னர் தெரிந்தது. ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் இதையே கருவியாகக் கொண்டு மரபணு ரேகைப் பரிசோதனையை லால்ஜி சிங் உருவாக்கினார்.

இன்று தடயவியல் கூடங்கள் பெரும்பாலும் நாலெழுத்துத் தொடர்களையே நாடுகின்றன. ஈரெழுத்துத் தொடர்கள் சோதனைக் குழாயிலும் அடிக்கடி வழுக்கி முடிவைக் குழப்பும். அமெரிக்காவின் குற்றவியல் தரவுத்தளம் 2017 முதல் 20 மைக்ரோசாட்டலைட் இடங்களை ஒப்பிடுகிறது.