சொல்லப்படாத மூன்று மாதங்கள்

அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1934இல், தமது 68ஆம் வயதில், லண்டனில் ஓர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். விந்துக்குழாயைக் கட்டிவிட்டால் இளமை திரும்பும் என்று வியன்னா உடலியல் அறிஞர் ஓய்கன் ஸ்டைனாக் சொல்லியிருந்தார். சிக்மண்ட் பிராய்டும் 1923இல், புற்றுநோய் மீண்டும் வராமலிருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில், இதே சிகிச்சைக்கு உட்பட்டார்.

ஐரோப்பாவில் ஆண்மையைக் கூட்டும் என்று நம்பப்பட்ட அறுவை, ஒரு தலைமுறைக்குள் நம் நாட்டில் ஆண்மையை அழிக்கும் என்று அஞ்சப்பட்டது. இரண்டுமே பிழை. விந்துக்குழாய் என்பது உயிரணுக்கள் செல்லும் வழி மட்டுமே; ஆண்மைக்குரிய சுரப்போ நேரே இரத்தத்தில் கலப்பது. வழியை அடைப்பதால் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இந்த எளிய உண்மை, மேசையில் படுத்த மனிதனுக்குச் சொல்லப்பட்டதா என்பதே நம் கேள்வி.

இந்திய அரசின் குடும்பநலத் திட்டம் 1952இல் தொடங்கியது. 1950களின் பிற்பகுதியிலேயே சென்னை மாநில அரசு, கருத்தடை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. பின்னர் ஆள் அழைத்து வருவோருக்கும் பணம் தரப்பட்டது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அழைத்து வருபவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கூலி வந்தபின், வருபவருக்கு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிச் சொல்வதில் அவருக்கு என்ன அக்கறை இருக்க முடியும்?

அடுத்து வந்தவை முகாம்கள். கேரளத்தின் எர்ணாகுளத்தில், மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் முன்னின்று நடத்திய முகாமில் 1970 இறுதியில் 15,005 ஆண்களுக்கும், 1971 ஜூலையில் 63,418 பேருக்கும் அறுவை நடந்தது. ரொக்கமும் பொருட்களும் வழங்கப்பட்டன. ஊரே திருவிழாக் கோலம் பூண்டது. அதைக் கண்டு பிற மாநிலங்களும் முகாம்களை நடத்தின. எண்ணிக்கை பெருகியது.

நெருக்கடி நிலைக் காலத்தில் ஊக்குவிப்பு மிரட்டலாக மாறியது. 1976–77 என்ற ஒரே நிதியாண்டில் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைகள் செய்யப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 62 லட்சம் ஆண்களுக்கு. ஆசிரியருக்கும் அலுவலருக்கும் இலக்கு விதிக்கப்பட்டது. ஷா ஆணையத்தின் அறிக்கை, கருத்தடையுடன் தொடர்புடைய 1,774 மரணங்களையும், மணமாகாதவர்களுக்குச் செய்யப்பட்டதாக வந்த 548 புகார்களையும் பதிவு செய்திருக்கிறது.

அந்த மேசைகளில் சொல்லப்பட்டிருக்க வேண்டியவை எவை? வரும் முன் குளித்து, தூய ஆடை உடுத்த வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மரத்துப்போக ஊசி போடுவார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான உள்ளாடை அல்லது கோவணம். ஒரு வாரம் பளு தூக்குதலும் மிதிவண்டியும் கூடாது. சிறு வீக்கமும் வலியும் இயல்பு; காய்ச்சல், சீழ், மிகுந்த வீக்கம் கண்டால் உடனே திரும்பி வர வேண்டும். சிலருக்கு வலி நீடிப்பதும் உண்டு. மனம் மாறினால் குழாயை மீண்டும் இணைக்க முயலலாம், பலன் உறுதியில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. அறுவை முடிந்த அன்றே பலன் வந்துவிடாது. குழாயில் எஞ்சிய உயிரணுக்கள் வெளியேற ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை வேறு தடுப்பு முறை வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்லாமல் அனுப்பினால் என்னவாகும்? இரண்டாம் மாதம் மனைவி கருவுற்றால், அறுவை செய்துகொண்ட கணவனின் முதற்கேள்வி மருத்துவரை நோக்கி எழாது. மேசையில் விடுபட்ட ஒரு வாக்கியத்துக்கு, அந்த மேசையைக் கண்டேயிராத ஒருத்தி, தன் கற்பைக் கொண்டு விடை சொல்ல வேண்டிவரும். எண்ணிக்கைப் பட்டியல்கள் எவற்றிலும் அவளுக்கு இடமில்லை.

பின்னர் வந்த கணக்கும் அவள் தலையிலேயே விழுந்தது. 1977–78இல் ஆண்களுக்கான அறுவை இரண்டு லட்சத்துக்கும் கீழே சரிந்தது, மீண்டும் நிமிரவேயில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதமே. சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974இல் உருவாக்கிய, கத்தியில்லா எளிய முறை நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. பெண்ணுக்குச் செய்வதைவிட இது எளிது, ஆபத்தும் குறைவு.

ஆண்கள் அஞ்சுகிறார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சம் கத்தியினால் வந்ததன்று. விளக்கம் கேட்கும் உரிமை மறுக்கப்பட்டு மேசையேறிய தந்தையரின் நினைவு அது. கால் மணி நேர அறுவைக்கு முன் கால் மணி நேரம் அமர்ந்து பேசியிருந்தால், இவ்வரலாறு வேறாக இருந்திருக்கும் என்றே நாம் நம்புகிறோம்.